புதிய மீன் தொட்டி அடம்பிடிக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

புதிதாக வைத்த நன்னீர்த் தொட்டியில் முதல் ஆறு வாரங்களுக்குள் வரும் தொல்லைகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்குள் அடங்கிவிடும். கழிவைக் கையாள வேண்டிய நுண்ணுயிர்கள் இன்னும் போதிய அளவு பெருகவில்லை என்பது ஒன்று. அவை பெருகுவதற்குள் பொறுமையிழந்து யாரோ எதையோ மாற்றிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிகம். தண்ணீர் கலங்கியது என்று ஒரு பாட்டில் மருந்து, அதனால் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) மாறியது என்று இன்னொரு பாட்டில், மறுநாள் வடிகட்டியைப் பிரித்து நன்றாகக் கழுவல் என்று போகும். மூன்றாம் நாள் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் அளந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு, மீன்கள் மூச்சுத் திணறுவது. அப்போது முதலில் செயல்படுங்கள், பிறகு அளக்கலாம்.

## எது இயல்பு?

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய தீனியும் அழுகும் இலைகளும் அதையே தருகின்றன. ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதல்ல, அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்தச் சங்கிலி முழுமையாக ஓடத் தொடங்கினால்தான் தொட்டி ‘சைக்கிள்’ ஆகிவிட்டது என்கிறோம்.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. வடிகட்டியின் பஞ்சு, சரளைக்கல், கண்ணாடி, செடியின் தண்டு என்று ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. எனவே தண்ணீரை மாற்றினால் சைக்கிள் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். பஞ்சைக் குழாயடியில் கழுவினால்தான் கெடும்.

மீன் இல்லாமல் தொட்டியைத் தயார் செய்வதே எல்லோருக்கும் நிம்மதி. அமோனியம் குளோரைடு தூளைக் கரைத்து, அம்மோனியா அளவை 2 பிபிஎம்முக்கு (ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) கொண்டுவருவது எளிய முறை. 40 லிட்டர் தண்ணீருக்குக் கால் கிராம் போதும். இந்த இடத்தில் கணக்குத் தவறுவது சகஜம். 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி கணக்குப்படி 40.5 லிட்டர். ஆனால் கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் 33, 34 லிட்டர்தான். எந்தப் பொருளையும் உண்மையான தண்ணீர் அளவுக்கே கணக்கிடுங்கள். முதல்முறை நிரப்பும்போது வாளியால் அளந்து ஊற்றி எழுதிவைத்துக்கொண்டால் பிறகு ஊகிக்க வேண்டியிருக்காது.

வழக்கமான போக்கு இதுதான். முதல் ஒன்றிரண்டு வாரங்கள் அம்மோனியா அப்படியே நிற்கும். பிறகு அது குறையத் தொடங்க, நைட்ரைட் ஏறும். நான்காவது முதல் ஆறாவது வாரத்துக்குள் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் மிஞ்சும். நன்றாக ஓடும் பழைய தொட்டி ஒன்றிலிருந்து பஞ்சுத் துண்டைக் காயவிடாமல் கொண்டுவந்து வடிகட்டிக்குள் வைத்தால் இது ஒன்றிரண்டு வாரமாகச் சுருங்கக்கூடும். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். பாட்டிலில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசல்களில் சில வேலை செய்கின்றன, சில வெறும் தண்ணீர்போல இருக்கின்றன. பழைய பஞ்சு கிடைத்தால் நான் பாட்டிலைத் தொடமாட்டேன்.

அளப்பதற்குத் துளிகள் விட்டு நிறம் பார்க்கும் திரவச் சோதனைப் பெட்டியை வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் ஆகிய நான்கும் வேண்டும். கார்பனேட் கடினத்தன்மை, அதாவது கேஎச், ஐந்தாவது. அதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். அதன் அருமை கொஞ்சம் கீழே தெரியும். காகிதப் பட்டைகள் அவசரத்துக்கு உதவும், ஆனால் அவற்றில் பலவற்றில் அம்மோனியாவுக்கான கட்டமே இருக்காது.

## நிரப்பிய அன்றே தண்ணீர் கலங்கலாக இருக்கிறது

கல்லைச் சரியாகக் கழுவவில்லை. வேறொன்றுமில்லை. இது கனிமத் தூசி, ஓரிரு நாளில் படிந்துவிடும். வடிகட்டியில் மெல்லிய பஞ்சு வைத்தால் இன்னும் சீக்கிரம் தெளியும். அடுத்த முறை நீரை ஊற்றும்போது கல்லின் மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றுங்கள். செடிகளுக்காக விற்கும் சத்து மண்ணைப் போட்டிருந்தால் கழுவக் கூடாது, கரைந்து சேறாகிவிடும்.

## இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் பால்போல வெளுத்துவிட்டது

தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று வெண்மையாகிறது என்றால் அது தூசி அல்ல. கரிமக் கழிவைத் தின்று வேகமாகப் பெருகும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அவை. சாதகமான சூழலில் மணி நேரக் கணக்கில் இரட்டிப்பாகும். சைக்கிளுக்கு வேண்டிய நுண்ணுயிர்களுக்கோ ஒருமுறை இரட்டிப்பாக அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேலும் ஆகும். எனவே புதிய தொட்டியில் முதலில் கண்ணுக்குத் தெரிபவை இவைதான்.

இந்த வெண்மையால் நேரடித் தீங்கு இல்லை. ஆனால் இவை ஆக்சிஜனை நிறையச் செலவழிக்கும். காற்றுக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, தீனியைக் குறைத்து, சும்மா இருங்கள். சில நாளில் தானே போய்விடும். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால் மறுபடி முதலிலிருந்து வரும். தண்ணீரைத் தெளியவைக்கும் திரவங்கள் துகள்களை ஒன்றாகத் திரட்டுமே தவிர, காரணத்தை நீக்காது.

ஒரு மாதம் கழித்தும் வெண்மை திரும்பத் திரும்ப வந்தால் எங்கோ ஏதோ அழுகுகிறது என்று பொருள். மரக்கட்டைக்குப் பின்னால், வடிகட்டிக்கு அடியில் பாருங்கள். இறந்த நத்தை ஒன்று போதும்.

## தொட்டி ஓடுகிறது, அம்மோனியாவே காட்டவில்லை

வெறும் தண்ணீரை நிரப்பி வடிகட்டியை ஓடவிட்டு ஒரு மாதம் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். உணவே இல்லாத இடத்தில் நுண்ணுயிர் எப்படிப் பெருகும்? அம்மோனியம் குளோரைடோ, கிடைக்காவிட்டால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியோ போட வேண்டும். தீனி முறை வேலை செய்யும், ஆனால் அளவு கைக்குள் நிற்காது, அழுக்கும் சேரும்.

அம்மோனியா போட்டும் பூஜ்யமாக இருந்தால் செடிகளைப் பாருங்கள். வேகமாக வளரும் செடிகள் அடர்த்தியாக இருந்தால், குறிப்பாக மேலே மிதக்கும் வகைகள், அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிவிடும். அது நல்ல செய்தி. மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதாக இருந்தால் அத்தகைய தொட்டியில் முழு சைக்கிளைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

## வாரக்கணக்கில் அம்மோனியா இறங்கவே இல்லை

அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள், எளிதானது முதலில் வருகிறது.

முதலில் குளோரின். குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்வதற்காகச் சேர்க்கும் குளோரின் தொட்டியின் நுண்ணுயிர்களையும் விட்டுவைக்காது. வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால், அல்லது காற்றுக் குழாயைப் போட்டுவைத்தால், சாதாரண குளோரின் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமின் அப்படிப் போகாது. உங்கள் பகுதித் தண்ணீரில் எது சேர்க்கிறார்கள் என்று தெரியாதபோது குளோரின் நீக்கி திரவத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. சோடியம் தயோசல்ஃபேட் மட்டும் உள்ள நீக்கி குளோராமினை உடைக்கும்போது அம்மோனியாவை மிச்சம் வைக்கும். தண்ணீர் மாற்றிய உடனே அம்மோனியா ‘ஏறும்’ மர்மத்துக்கு இது ஒரு விடை. குழாய்த் தண்ணீரையே தனியாக ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது அளவு. 2 பிபிஎம் போதும் என்றால் 8 போட்டால் நான்கு மடங்கு வேகம் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. 5 பிபிஎம்முக்கு மேல் அம்மோனியா இந்த நுண்ணுயிர்களையே மந்தமாக்கக்கூடும். பாதித் தண்ணீரை மாற்றி அளவை இறக்குங்கள்.

வெப்பநிலை. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இவை சுறுசுறுப்பாக இருக்கும், 20க்குக் கீழே வேகம் வெகுவாகக் குறையும். மீன் இல்லாத நாட்களில் ஹீட்டரை 28-இல் வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் பிஎச்சையும் கேஎச்சையும் அளந்து பாருங்கள். அம்மோனியாவை மாற்றும் வேலை அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலத்தைத் தண்ணீரிலுள்ள கார்பனேட் தாங்கிக்கொள்ளும். 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறி முடிய ஏறத்தாழ 0.65 டிகிரி கேஎச் செலவாகும். உங்கள் தண்ணீரின் கேஎச் 3 என்றால், அம்மோனியா தீரத் தீர 2 பிபிஎம் வீதம் மறுபடி போடும்போது ஐந்தாவது தவணைக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். அதன்பின் பிஎச் சரசரவென்று விழும். 6.5க்குக் கீழே நுண்ணுயிர்கள் மந்தமாகும், 6-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய நின்றேவிடும். முதல் இரண்டு வாரம் அழகாக ஓடிய தொட்டி மூன்றாவது வாரம் உறைந்துபோனதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். மழைநீரையோ, சவ்வு வழியாகச் சுத்திகரித்த தண்ணீரையோ நிரப்புபவர்களுக்கு இது கிட்டத்தட்ட நிச்சயம் வரும், அந்தத் தண்ணீரில் கார்பனேட்டே இருக்காது.

மருந்து சமையல் சோடா. 40 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் கேஎச் சுமார் 4 டிகிரி ஏறும். மீன் இல்லாத தொட்டியில் ஒரே தடவையில் போடலாம். மீன் இருந்தால் ‘தண்ணீர் மாற்றியதும்’ என்ற பகுதியைப் படிக்காமல் கை வைக்க வேண்டாம். பிஎச்சை ஏற்ற இறக்க என்று விற்கும் பாட்டில்களைவிட இது நம்பத்தகுந்தது, ஏனென்றால் இது எண்ணைத் தள்ளிவிடுவதோடு நிற்காமல் காலியான கையிருப்பை நிரப்புகிறது.

கடைசியாக, சோதனையே பொய் சொல்லலாம். சில குளோரின் நீக்கிகள் அம்மோனியாவைத் தீங்கில்லாத வடிவில் பிடித்துவைக்கும். சோதனையோ அதையும் சேர்த்தே கணக்குக் காட்டும். துளி மருந்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

## நைட்ரைட் ஊதா நிறத்தில் உச்சத்திலேயே நிற்கிறது

அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யமாகிறது, நைட்ரைட் மட்டும் இரண்டு வாரமாக அசையவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று இங்கேதான் பலர் மனம் தளர்கிறார்கள். கெட்டுப்போகவில்லை. அந்த நிறம் எதையும் சொல்லாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

1 பிபிஎம் அம்மோனியா மாறினால் 2.7 பிபிஎம் நைட்ரைட் கிடைக்கும். 2 பிபிஎம் ஒரு தவணை முழுவதும் மாறினாலே 5.4. பல சோதனைப் பெட்டிகளின் நிற அட்டை 5-உடன் முடிந்துவிடுகிறது. நான்கைந்து தவணை போட்டிருந்தால் தொட்டியில் 20க்கு மேல் இருக்கும். அது 25-லிருந்து 12-ஆகக் குறைந்தாலும் உங்கள் கண்ணுக்கு அதே ஊதாதான். உண்மையைப் பார்க்க, ஒரு பங்கு தொட்டித் தண்ணீருடன் நைட்ரைட் இல்லாத தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

அளவு மிக அதிகமாக இருந்தால் பாதித் தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள், கால் பங்காக இறங்கிவிடும். அம்மோனியாவை இனி தினமும் போடாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு பிபிஎம் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், முதல் கட்ட நுண்ணுயிர்கள் பட்டினியால் செத்துவிடாது. கேஎச்சையும் மறுபடி பாருங்கள், இவ்வளவு நைட்ரைட் உண்டானது என்றால் அதற்கேற்ற கார்பனேட் செலவாகியிருக்கும்.

இந்த இரண்டாம் கட்டம் ஏன் இவ்வளவு இழுக்கிறது? இதைச் செய்வது நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியா என்று நெடுங்காலம் மீன் வளர்ப்புப் புத்தகங்கள் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனத்தைச் சேர்ந்தவை என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவை நிதானக்காரர்கள், குறைந்த அளவு நைட்ரைட்டில் வாழப் பழகியவை. 2015-இல் இன்னொரு வியப்பு வந்தது. நைட்ரோஸ்பைராவிலேயே சில, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒரு கூட்டம் கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டி அமைப்பின் வடிகட்டியிலிருந்துதான். ஆகவே நாம் வரையும் இரண்டு படி ஏணி ஓரளவுக்குத்தான் உண்மை. ஆனால் பிழை நீக்குவதற்கு அந்த ஏணியே போதும்.

## நைட்ரேட் வரவே இல்லை

துளி மருந்துப் பெட்டியில் நைட்ரேட் சோதனை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதன் ஒரு புட்டியில் உள்ள பொருள் அடியில் படிந்து இறுகிவிடும். அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால் எத்தனை நைட்ரேட் இருந்தாலும் மஞ்சளாகவே காட்டும். புட்டியை மேசையில் தட்டிவிட்டுக் குலுக்குங்கள், தாளில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருங்கள்.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. எனவே நைட்ரைட் நிறைந்திருக்கும் நாட்களில் நைட்ரேட் எண்ணுக்கு மதிப்பில்லை.

## மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

இது அவசரம். காற்றுக் குழாயை முழுமையாகத் திறங்கள். குளோரின் நீக்கிய, ஏறத்தாழ அதே வெப்பமுள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். அன்று தீனி வேண்டாம். இவற்றைச் செய்துவிட்டு, பிறகு சோதனைப் பெட்டியை எடுங்கள். மாற்றுவதற்கு முன்பு ஒரு டம்ளர் பழைய தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டால் காரணம் கண்டுபிடிக்க உதவும்.

எல்லா மீனுமா, ஒன்றா என்று பாருங்கள். ஒரே ஒரு மீன் என்றால் அது நோயாக இருக்கலாம். பெட்டாவும் கௌராமியும் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும் இனங்கள், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே தொங்கினால்தான் தண்ணீரில் கோளாறு.

விடியற்காலையில் மட்டும் நடந்து, விளக்குப் போட்ட சில மணி நேரத்தில் சரியானால் ஆக்சிஜன் பற்றாக்குறை. இரவில் செடிகளும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் 7.6தான். நீர்ப்பரப்பு அலையாடும்படி வடிகட்டியின் வாயைத் திருப்பிவையுங்கள்.

நாள் முழுவதும் நடக்கிறது, செவுள் சிவந்து துடுப்புகள் ஒடுங்கியிருக்கின்றன என்றால் அம்மோனியா. எவ்வளவு நஞ்சு என்பது சோதனை காட்டும் எண்ணை மட்டும் பொறுத்ததல்ல. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.6 சதவீதம்தான் கொடிய வடிவில் இருக்கும், பிஎச் 8-இல் அது 5 சதவீதத்தைத் தாண்டும், 8.5-இல் 15 சதவீதத்தை எட்டும். கடினமான, காரத் தன்மையுள்ள நிலத்தடி நீரை நிரப்பியவர்கள் சிறிய எண்ணைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது.

அம்மோனியா பூஜ்யம், காற்று தாராளம், இருந்தும் திணறல் என்றால் நைட்ரைட். அது செவுள் வழியாக இரத்தத்துக்குள் போய் ஆக்சிஜனைச் சுமக்கும் நிறமியைச் செயலிழக்கச் செய்கிறது, செவுள் பழுப்பேறும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுமுட்டுவது இதனால்தான். இதற்கு உப்பு உதவும். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டுடன் போட்டியிட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். 10 லிட்டருக்கு 1 கிராம், கூட்டுப்பொருள் எதுவும் சேராத உப்பு, கரைத்து ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் மீண்டும் சேருங்கள்.

## சைக்கிள் ஆகுமுன்பே மீனை விட்டாயிற்று

பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், எனவே குறை சொல்லிப் பயனில்லை. மீனைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால், தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளந்து, எது 0.5 பிபிஎம்மைத் தொட்டாலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. மிதக்கும் செடிகள் கொஞ்சம் போட்டால் சுமை குறையும். சைக்கிள் முடியும்வரை புதிய மீன் ஒன்றுகூட வேண்டாம். தங்கமீன் என்றால் சிறிய தொட்டியில் இந்த வழியும் உதவாது, அது விடும் கழிவு அவ்வளவு.

## தண்ணீர் மாற்றியதும் மீன்கள் தறிகெட்டு ஓடுகின்றன, அல்லது மறுநாள் சாகின்றன

சில நிமிடங்களில் நடந்தால் குளோரின் அல்லது வெப்ப வேறுபாடு. குளோரின் நீக்கியை மாற்றிய தண்ணீருக்கு மட்டுமல்லாமல், முழுத் தொட்டி அளவுக்கும் உடனே போடுங்கள்.

பல வாரம் தண்ணீரே மாற்றாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பாதியை மாற்றினால் நடப்பது வேறு, இன்னும் கொடுமையானது. அந்தத் தொட்டியில் கேஎச் தீர்ந்து பிஎச் 6.5 வரை இறங்கியிருக்கும். நுண்ணுயிர்கள் மந்தமாகி அம்மோனியா 4 பிபிஎம் வரை சேர்ந்திருக்கும். ஆனால் அந்த பிஎச்சில் அதில் ஐந்நூறில் ஒரு பங்குதான் நஞ்சு, மீன்கள் எப்படியோ தாக்குப்பிடிக்கும். புதுத் தண்ணீர் பிஎச்சை 8க்கு ஏற்றியதும் பாதியாகக் குறைந்த அந்த அம்மோனியாவே பத்து மடங்குக்கு மேல் கொடியதாகிவிடும். சுத்தம் செய்த அன்றே மீன்கள் போய்விட்டன என்று சொல்லப்படும் கதைகளில் பல இவ்வாறே முடிகின்றன.

இப்படிப்பட்ட தொட்டியை ஒரேயடியாகத் திருத்தாதீர்கள். முதல் சில நாட்கள் தினமும் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். சமையல் சோடாவையும் இதே நிதானத்தில்தான் சேர்க்க வேண்டும்.

## கண்ணாடியில் பழுப்பு, மரத்தில் வெள்ளைப் பஞ்சு, மேலே எண்ணெய்ப் படலம்

இவற்றில் எதுவும் ஆபத்தில்லை, வேகமாகக் கடந்துவிடலாம். விரலால் தேய்த்தால் போகும் பழுப்புத் தூள் டயாட்டம் என்னும் பாசி. புதிய தொட்டிகளில் வரும், சில வாரங்களில் போகும். புதிய மரக்கட்டையில் வளரும் வெள்ளைப் பஞ்சு பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம், பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமானால் மரத்தின் சாயம், கட்டையை முன்கூட்டியே ஊறவைத்தால் குறையும். மேற்பரப்புப் படலத்துக்கு நீர்ப்பரப்பைக் கலக்கிவிட்டால் போதும். வாங்கி வந்த செடியின் இலைகள் கரைந்து உதிர்ந்தால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நீருக்கு வெளியே வளர்க்கப்பட்ட செடி பழைய இலையை விட்டு நீருக்கேற்ற இலையைப் போடுகிறது. கரைந்த இலையை மட்டும் அப்புறப்படுத்துங்கள்.

பச்சைத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் பிடிவாதம். மிதக்கும் நுண்பாசி அது, வடிகட்டியில் சிக்காது. தொட்டியைக் கனமான துணியால் மூன்று நான்கு நாள் முழு இருட்டில் வையுங்கள், காற்றுக் குழாய் ஓடட்டும். பாசி சாகும்போது அம்மோனியா ஏறலாம் என்பதால் துணியை எடுத்ததும் அளந்துவிட்டுத் தண்ணீர் மாற்றுங்கள். சன்னல் வெயில் நேரடியாக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் இடத்தை மாற்றாமல் இது நிரந்தரமாகப் போகாது.

## அழுகிய முட்டை நாற்றம்

அடித்தட்டு மணல் மிக ஆழமாக இருந்து, உள்ளே ஆக்சிஜன் போகாத இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகியிருக்கிறது. மணலை ஒரே நாளில் கிளறிவிடாதீர்கள், மீன் இருந்தால் ஆபத்து. ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்தின்போதும் ஒரு மூலையை மட்டும் உறிஞ்சு குழாயால் சுத்தம் செய்யுங்கள்.

## நன்றாக ஓடிய தொட்டியில் மீண்டும் அம்மோனியா

கடந்த ஒரு வாரத்தில் என்ன மாறியது என்று யோசித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதல் சந்தேகம் வடிகட்டியின் மேல். ‘மாதம் ஒருமுறை மாற்றவும்’ என்று பெட்டியில் எழுதியிருக்கும் வடிகட்டி அட்டையை அப்படியே மாற்றினால், அதில் குடியிருந்த நுண்ணுயிர்கள் அத்தனையும் குப்பைக்குப் போகின்றன. அந்த அறிவுரை மீனுக்காக எழுதப்பட்டதா, விற்பனைக்காகவா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பஞ்சு கிழியும்வரை மாற்ற வேண்டியதில்லை. தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். மாற்றியே தீர வேண்டுமானால் புதியதையும் பழையதையும் சில வாரம் சேர்த்தே ஓடவிடுங்கள்.

அடுத்தது மின்தடை. பல மணி நேரம் நின்றுபோன மூடிய வடிகட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் இறந்திருக்கலாம். அப்படியே மீண்டும் ஓடவிட்டால் உள்ளே தேங்கிய அழுகல் தொட்டிக்குள் வரும். முதலில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு இயக்குங்கள். பிறகு மருந்து: சில கிருமிக்கொல்லி மருந்துகள் நல்லதையும் சேர்த்தே கொல்லும், எனவே நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் வைத்து மருந்து கொடுப்பது நல்லது. கடைசியாக, ஒரே நாளில் நிறைய மீன்களைச் சேர்த்தீர்களா? நுண்ணுயிர்களின் எண்ணிக்கை கிடைக்கும் உணவுக்கு ஏற்றபடிதான் இருக்கும், மூன்று மீனுக்குப் பழகிய வடிகட்டியால் மறுநாளே பத்தைச் சமாளிக்க முடியாது.

## முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

2 பிபிஎம் அம்மோனியா போடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி வந்தால் தொட்டி தயார். இதற்குள் நைட்ரேட் நிறையச் சேர்ந்திருக்கும், பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி 20 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஹீட்டரை மீனுக்கேற்ற வெப்பத்துக்கு இறக்குங்கள். மீன் வரும் நாள் தள்ளிப்போனால் அதுவரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு பிபிஎம் அம்மோனியாவைத் தொடர்ந்து கொடுங்கள். முதல் தவணையாகச் சிறிய மீன்கள் நான்கைந்து போதும். அடுத்த கூட்டத்தை இரண்டு வாரம் கழித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் அசையவில்லை என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.